மஞ்சள் பையோடு டாக்டரைப் பார்க்கப் போனோம்

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, எங்கள் கடையநல்லூர் வரைக்கும் சாரல் காற்று வந்துகொண்டிருந்தது. விடியற்காலை நாலரை மணி இருக்கும். புறவாசலில் செம்பு உருளுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். என் மாமியார் கிணற்றடிச் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குளிர் காற்றிலும் சேலை வேர்வையில் நனைந்து கிடந்தது. "அத்தை, அத்தை" என்று உலுக்கினேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏளா, கோழியை யாரு திறந்து விட்டது?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பதை விட்டு இருபது வருஷம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் சுகர் பார்க்கிற சின்ன மெஷினைக் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தார். 48 என்று காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல வேளை, விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 74. கண் தெளிந்தது. பிறகு இரண்டு இட்லி கொடுத்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். (நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுவதுதான் வழி.)

அதுதான் சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமே என்று நான் நினைத்தேன். டாக்டர் அம்மா விடவில்லை. மாத்திரையினால் இறங்கின சர்க்கரை, ஏறினது போல் ஏறி, சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கக் கூடுமாம். வயதானவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகமாம். சாயங்காலம் வரை படுக்க வைத்து, அடிக்கடி குத்திப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

இடையில் அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் நான் கூனிக் குறுகிப் போனேன். "பாட்டி என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"காலையில ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ் கலர்... ராத்திரி சின்னதா ஒண்ணு... நாலஞ்சு இருக்கும் டாக்டர்."

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் சோறு பொங்குகிறேன். யாருக்கு எத்தனை கரண்டி சாம்பார், யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதெல்லாம் மனப்பாடம். அத்தை வாயில் போடுகிற மருந்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

டாக்டர் அம்மா கோபிக்கவில்லை. "இப்போதைக்கு சுகர் மாத்திரை எதுவும் வேண்டாம். காலை, மாலை மெஷினில் பார்த்துக் குறித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை வரும்போது, வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சாப்பிடுகிறது, சாப்பிடாதது, நாட்டு மருந்து, தைலம், எல்லாம். அட்டையோடு வேண்டும்" என்றார்கள்.

அமெரிக்காவில் 1980-களிலிருந்தே இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். அங்கே மளிகைக் கடையில் தரும் பழுப்புக் காகிதப் பையில் மருந்தையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ போவார்கள். அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இது தேவையா, இதுவும் அதுவும் சேருமா, அளவு சரியா என்று பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2017-ல், மருந்தினால் தீங்கு வரக் கூடாது என்பதையே தலைப்பாக வைத்து ஒரு முயற்சியைத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 17-ல் வந்த உலக நோயாளி பாதுகாப்பு தினத்துக்கும் அதே விஷயம்தான். பழுப்புப் பைக்கு நாம் எங்கே போவது? நம்மிடம் கல்யாண வீட்டு மஞ்சள் பை இருக்கவே இருக்கிறது.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பட்டாசலில் பழைய தினசரியை விரித்தேன். வீடு முழுக்கத் துழாவி மருந்துகளைக் கொண்டுவந்து கொட்டினோம். சாமி அலமாரி டிராயரில் கொஞ்சம், குளிர்ப்பெட்டி மேல் கொஞ்சம், அடுக்களையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு அட்டை, அத்தையின் சுருக்குப் பையில் நாலு உதிரி மாத்திரை. பிளஸ் டூ படிக்கிற என் மகள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பொடி எழுத்துகளை வாசித்தாள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த எழுத்தை வாசிக்க எனக்குக் கண்ணும் போதவில்லை, இங்கிலீஷும் போதவில்லை.

முதலில் நான் செய்தது பெரிய தப்பு. ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிப் பிடித்து, "இது என்ன அத்தை? இதை யார் குடுத்தா? ஏன் பாதி அப்படியே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். நாலாவது அட்டையில் அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னளா, திருடிட்டு வந்தவளைப் போலீஸ்காரன் கேக்க மாதிரி கேக்கே?" என்று எழுந்து போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் அலமாரியைத் திறந்தேன். போன வருஷம் எனக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதத்துக்கு எழுதித் தந்தார்கள். மலச்சிக்கல் தாங்க முடியாமல் இருபது நாளில் நிறுத்திவிட்டேன். மறுபடி போனபோது "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்விக்கு, "சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன். ரத்தம் ஏறவே இல்லையே என்று அந்த டாக்டர் வேறு எதையெல்லாமோ சோதித்துப் பார்த்து, நான் தண்டமாகப் பணம் கட்டினேன். அந்த மாத்திரை அட்டைகளைக் கொண்டுபோய் அத்தையின் கட்டிலில் வைத்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக்கூட அன்றைக்கு வரை தெரியாது.

அத்தை கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார்கள். பிறகு, "நானும் சொல்லுதேன், நீ உன் புருஷன்கிட்ட சொல்லாதே" என்று ஆரம்பித்தார்கள்.

மூன்று வருஷமாக அத்தைக்கு அரசு மருந்துதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிற பெண் எங்கள் தெருவுக்கு வந்து, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே தந்துவிட்டுப் போவாள். இந்தப் பங்குனியில் ஒரு சொந்தக்காரர் சொன்னாரென்று வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் புதிதாக எழுதித் தந்தார். ஏற்கெனவே அரசு மாத்திரை சாப்பிடுவதை நாங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை, அட்டையைக் காட்டவும் இல்லை. பிரஷர் மாத்திரை இரண்டிலும் ஒரே பெயர் இருந்ததால் அதை மட்டும் கண்டுபிடித்து, ஒன்றை நிறுத்தியிருந்தோம். சுகர் மாத்திரையில் பெயர் வேறு, நிறம் வேறு. ஆகையால் மருந்தும் வேறு என்று நினைத்து இரண்டையும் கொடுத்தோம்.

மகள் வாசித்தபோதுதான் விளங்கியது. அரசு அட்டைகளில் கிளைமெபிரைடு ஒன்று, மெட்ஃபார்மின் ஒன்று. தனியார் மருந்துச் சீட்டில் வாங்கின ரோஸ் மாத்திரையின் பின்பக்கம், கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், கிளைமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது என்று போட்டிருந்தது. மூன்று மாதமாக ஒரே மருந்து இரட்டிப்பாக உள்ளே போயிருக்கிறது. கிளைமெபிரைடு, உடம்பில் இன்சுலினை அதிகமாகச் சுரக்க வைக்கிற மருந்து. சாப்பாடு குறைந்தால் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். அந்த வெள்ளிக்கிழமை அத்தைக்கு விரதம், ஒரே வேளைச் சாப்பாடு. அதற்கு முன்னாலும் விடியற்காலையில் கை நடுங்குகிறது, பசி எடுக்கிறது என்று நாலைந்து தரம் சொன்னார்கள். "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று நான்தான் சொல்லி முடித்தேன்.

ஆகவே மாத்திரை அட்டையில் பெரிய எழுத்துப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் அதன் அருகிலோ பின்பக்கமோ சின்ன எழுத்தில் இருக்கும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். அவர்கள் கொண்டுவருகிற பெட்டியில் கோடாலித் தைலத்தோடு பனடால் டப்பாவும் இருக்கும். அது துபாய் மருந்து, ரொம்ப ஒஸ்தி என்று பத்திரப்படுத்துவோம். பனடால், கால்பால், குரோசின், டோலோ எல்லாவற்றிலும் இருப்பது பாரசிட்டமால்தான். காய்ச்சலுக்கு இதில் ஒன்று, உடம்பு வலிக்கு அதில் ஒன்று என்று போட்டுக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் கடைசி எல்லை. மெலிந்தவர்கள், வயதானவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அவ்வளவுகூட ஆகாது.

அத்தை சொன்ன இரண்டாவது விஷயம் நீர் மாத்திரை. பிரஷருக்காக அந்த டாக்டர் எழுதியது. அத்தை பாதி நாள் அதைத் தொடுவதே இல்லை. காரணம் கேட்டால் நம் பெண்கள் எல்லாருக்கும் புரியும். எங்கள் வீட்டில் கக்கூஸ் புறவாசலில் இருக்கிறது. ராத்திரி மாத்திரை போட்டால் நாலு தரம் எழுந்து இருட்டில் போக வேண்டும். தென்காசிக்கோ கோயிலுக்கோ பஸ்ஸில் போகிற நாளில் கேட்கவே வேண்டாம். ஆகவே மாத்திரையைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

அதன் விளைவைச் செவ்வாய்க்கிழமை டாக்டர் அம்மா வரிசையாக எடுத்துச் சொன்னபோது ஒரு கதை மாதிரி இருந்தது. நீர் மாத்திரை உள்ளே போகாததால் பிரஷர் குறையவில்லை. குறையவில்லையே என்று அந்த டாக்டர் அம்லோடிபினை 5-லிருந்து 10 மில்லிகிராம் ஆக்கினார். அந்த மருந்து அளவு கூடினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அத்தைக்கு வீங்கியது. வாதம் வந்துவிட்டது என்று பயந்து, பேரனை அனுப்பிக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்த வகை வலி மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கி, பிரஷரை இன்னும் ஏற்றும். நாளாவட்டத்தில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலி மாத்திரையால் வயிறு எரிந்தது. அதற்கு ஒரு கேஸ் மாத்திரை. ஒரு மாத்திரையை வாய்விட்டுச் சொல்லாமல் ஒதுக்கினதில், மூன்று மாத்திரை கூடிப் போயிருக்கிறது. யாரைக் குறை சொல்ல? அந்த டாக்டருக்கு நாங்கள் சொன்னதுதானே தெரியும்?

மூன்றாவதாக ஒரு பாட்டில் பச்சைப் பொடி. சிறுகுறிஞ்சான். சீசனுக்குக் குற்றாலம் போன யாரோ வாங்கித் தந்தது. இலை தழையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நம் பக்கத்தில் எத்தனையோ பேர் அங்கே குணமடைந்து வந்திருக்கிறார்கள். ஆனால் சிறுகுறிஞ்சானும் சர்க்கரையை இறக்குகிற சரக்குதான். இரட்டை மாத்திரையோடு அதையும் சேர்த்தால் என்ன ஆகும்? அதிமதுரமும் அப்படித்தான். இருமலுக்கு நல்லது என்று பிரஷர்காரர்கள் நாள் கணக்கில் சுவைத்தால் பிரஷர் ஏறும். உடம்பில் பொட்டாசியம் சத்து குறையும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் அது இன்னும் குறையும். சித்த வைத்தியரிடம் இங்கிலீஷ் மாத்திரையையும், டாக்டரிடம் சூரணத்தையும் காட்டுவதில் வெட்கம் எதற்கு? சீட்டும் பெயரும் இல்லாமல் 'மூட்டுவலிப் பொடி' என்று விற்பதைத்தான் கண்டிப்பாகக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றைச் சோதித்ததில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்ததுண்டு. அதைப் பல நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, தொடர்ந்தாலும் ஆபத்து.

எல்லாம் முடிந்தது என்று பேப்பரை மடிக்கப் போனேன். அத்தை எழுந்து போய், தலைமாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் மாமனாருடைய மருந்து டப்பா. மாமா தவறி மூன்று வருஷம் ஆகிறது. நெஞ்சு மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் அவர் வைத்திருந்தபடியே அதில் இருந்தன. தூக்க மாத்திரை அட்டையில் மட்டும் ஆறேழு குழி புதிதாகக் கிழிந்திருந்தது.

"தூக்கம் வரமாட்டேங்கு. பாதி பாதியாப் போட்டேன். அவுக சாப்பிட்ட மாத்திரைதானே, எனக்கு என்ன செஞ்சிரப் போகுது?"

நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் பாட்டியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அட்டையைத் திருப்பித் தேதியை வாசித்தாள். காலாவதியாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தேதி மட்டுமா? தூக்க மாத்திரை வயதானவர்களுக்குத் தள்ளாட்டத்தைக் கொடுக்கும். ராத்திரி எழுந்து இருட்டில் புறவாசலுக்குப் போகிறவருக்கு இடுப்பெலும்பு முறிய வேறென்ன வேண்டும்?

எண்ணிப் பார்த்தால், மாமாவின் மற்ற மாத்திரைகளையும் பழைய மிச்சங்களையும் கழித்து, அத்தை பயன்படுத்தி வந்தது 13 வகை. நான் ஆஸ்பத்திரியில் சொன்னது நாலைந்து!

மகள் நோட்டில் கோடு போட்டு எழுதினாள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், யார் எழுதியது, எதற்காக, எந்த வேளை. கடைசியாக ஒரு கட்டம், 'நிஜமாக எப்படிச் சாப்பிடுகிறார்கள்' என்று. அந்தக் கடைசிக் கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் விட உபயோகப்பட்டது. சீட்டில் இருக்கிற எழுத்துகளுக்கும் கடைக்காரரிடம் அர்த்தம் கேட்டு வைத்துக்கொண்டோம். ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். வாரம் ஒரு தரம் என்று எழுதியிருப்பதில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை எங்கள் தெருவில் ஒருவர் தினமும் போட்டுக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார்.

கடையில் பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டித் தருகிறார்களே, அதில் பெயரும் தேதியும் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நமக்கு வருகிற துண்டில் அது இல்லாவிட்டால் பில்லைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து வையுங்கள். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்கிற நல்ல பழக்கம் எனக்கு உண்டு. அதை அன்றோடு விட்டேன். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்துப் பாட்டிலோடு ஊசியையும் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை இன்சுலின் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. மாறிப் போனால் இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும். தைராய்டு மாத்திரைக்காரர்கள் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காப்பி, டிபன் கூடாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைக் காப்பியோடு எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுவிட்டு, "தைராய்டு குறையவே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்!

செவ்வாய்க்கிழமை மஞ்சள் பையோடு போனோம். மருந்துகள், நோட்டு, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், நாலு நாள் சுகர் கணக்கு. போகிற வழியிலேயே அத்தையிடம், "நீங்களே சொல்லுங்க அத்தை, விட்டுப் போனதை மட்டும் நான் சொல்லுதேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் அம்மா மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றாக ஓரம் கட்டினார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நாங்கள் நோட்டில் எழுதிக் கொண்டுபோகாமல் இருந்தால் அந்த நேரத்தில் பாதிகூட முடிந்திருக்காது.

கிளைமெபிரைடை முழுவதும் எடுத்துவிட்டு மெட்ஃபார்மின் மட்டும். இந்த வயதில் சர்க்கரையை ரொம்ப இறுக்கிப் பிடிக்க வேண்டாம், தாழ்ந்து போவதுதான் கெடுதல் என்றார்கள். அம்லோடிபின் பழையபடி 5. நீர் மாத்திரை காலையில், வெளியூர் போகிற நாளில் மட்டும் திரும்பி வந்த பிறகு. வலி மாத்திரை நின்றது. ஆகவே கேஸ் மாத்திரைக்கும் வேலை இல்லை. தாங்க முடியாத வலிக்குப் பாரசிட்டமால், அதற்கும் கணக்கு. கொழுப்பு மாத்திரையும் கால்சியமும் இருக்கட்டும். பொடி, தூக்க மாத்திரை, தைலம் வேண்டாம். சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. ஆக 13 போய் 6 ஆயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் வீட்டு மருந்தைத் தாங்களே குறைத்துவிடாதீர்கள். அத்தையின் அளவு அத்தைக்குத்தான். சில பிரஷர் மாத்திரைகள், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மாத்திரை இவற்றை நாமாக நிறுத்தினால் விபரீதமாகிவிடும். பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ போகும்போதுகூட, நிறுத்தலாமா என்று எழுதித் தந்த டாக்டரைக் கேட்க வேண்டும். எல்லாருக்கும் எண்ணிக்கை குறையும் என்பதும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று கூடியது. பத்து வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். கால் மரத்துப் போகிறது என்று நோட்டில் எழுதிக் கொண்டுபோனார். நெடுநாள் அந்த மருந்து சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும் என்று சோதித்துப் பார்த்து, ஊசி போட்டார்கள்.

அந்த அக்கா முஸ்லிம். அவர்கள் வீட்டில் ரமலான் நோன்பு வருவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருக்கும்போது காலை மாத்திரையை அப்படியே சஹர் நேரத்தில் போட்டுக்கொண்டால், எங்கள் அத்தைக்கு நடந்தது மாதிரி அஸருக்குள் மயங்கி விழ வேண்டியதுதான். எந்த மாத்திரையை நோன்பு திறக்கிற நேரத்துக்கு மாற்றலாம், எதைக் குறைக்கலாம், யார் நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அக்காதான் எனக்குச் சொன்னார். எங்கள் வெள்ளிக்கிழமை விரதத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை பாருங்கள்.

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் வேண்டாம். படித்துப் பட்டம் வாங்கின மருந்தாளுநர் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015-ல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிமுறைகளிலேயே இருக்கிறது. கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனால் நிதானமாகவே சொல்கிறார்கள். ஒரு மருந்தினால் தடிப்போ வீக்கமோ வேறு கோளாறோ வந்ததாகச் சந்தேகம் இருந்தால், இந்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே தெரிவிக்கலாம்.

மிச்சம், காலாவதி எல்லாம் ஒரு குவியல் இருந்தது. வாய்க்காலில் கொட்டாமல், ஆடு மாடு மேய்கிற குப்பையில் போடாமல் எப்படி ஒழிப்பது? மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கோழிக்கோட்டில், 2025-ல் வேண்டாத மருந்துகளை அரசே சேகரித்து அழிக்கிற ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கும் வந்தால் நன்றாக இருக்கும். நாங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டோம், அவர்களுடைய கழிவோடு சேர்த்துக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். மாமாவின் மாத்திரைகளை அத்தையே தன் கையால் எடுத்துக் கொடுத்தார்கள். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் புறவாசலில் ஒரு விளக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுத் தந்தார். கால் வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது. மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடமும் நோட்டைக் காட்டி, இனி எது வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னோம். மஞ்சள் பை இப்போது காலண்டர் ஆணியில் தொங்குகிறது. அடுத்த தேதி ஐப்பசியில்.

போன வாரம் அத்தை அந்தத் தகர டப்பாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஏளா, இதையும் அந்த டாக்டரம்மாகிட்ட காட்டணுமோ?" என்றார்கள்.

"காட்டணும் அத்தை."

"அப்ப ஐப்பசி வரைக்கும் போட்டுக்கிடுதேன்" என்று டப்பாவை மூடிக்கொண்டார்கள்.